படம் வரைகிற வைத்தியமும் பாக்கியத்தின் சிலேட்டும்

1

செல்விக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொல்லங்கோட்டுப் பக்கத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். என் மகன் முருகேசனுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்க மாட்டான். பேத்தி நிலாவுக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தமிழ் எழுத்தும் கோழி கிளறியதும் ஒன்றுதான். அதனால் கனடாவில் இந்த வீட்டுக்குள் நான் தமிழில் எதை எழுதினாலும் அது பூட்டி வைத்த மாதிரி. அந்தத் தைரியத்தில்தான் என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பேசிப் பழகியவள் இல்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்த கையோடு கொழுந்து கிள்ளப் போய்விட்டேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கம்பத்தில் இருந்து வரும் உங்கள் பத்திரிகையைக் குமுளியில் எங்கள் பக்கத்து வீட்டு சரோஜா போனில் படம் பிடித்து அனுப்புகிறாள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கே உள்ள பனியையும் ரோட்டையும் சுத்தத்தையும் பற்றி அதில் எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பனியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது வருகிறது, கிடக்கிறது, அழுக்காகிப் போகிறது. எனக்கு எழுத வருவது கோபம் ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும்.

2

செல்வி படிப்பது ஆர்ட் தெரபி. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் படம் வரைகிற வைத்தியம். மனசு சரியில்லாதவர்கள், பேச முடியாதவர்கள், வயசானவர்கள், பயந்துபோன பிள்ளைகள், இவர்களை உட்கார வைத்துப் படம் வரையச் சொல்வார்களாம். களிமண் பிசையச் சொல்வார்களாம். அதில் மனசு லேசாகுமாம். இதற்கு நாலு வருஷப் பட்டப்படிப்பு.

படிக்கப் போகும்போது செல்விக்கு வயது முப்பத்தாறு. அதற்கு முன்னால் இதே ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். கிழவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சாப்பாடு ஊட்டுகிற வேலை. சம்பளம் வந்தது. இப்போது படிப்பில் ஒரு பகுதி என்று வாரம் ஒரு நாள் அதே இல்லத்துக்குப் போகிறாள். அதே கிழவர்கள்தான். அவர்கள் பக்கத்தில் கலர் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டு வருகிறாள். சம்பளம் கிடையாது. முன்பு உடம்பைத் துடைத்ததற்குக் கூலி கொடுத்தார்கள், இப்போது மனசைத் துடைக்கிறாள், அதற்கு இவள்தான் காலேஜுக்குப் பணம் கட்டுகிறாள். முருகேசனிடம் இதைச் சொன்னேன். எம்மா, உனக்குப் புரியாது என்றான். புரிந்ததால்தானே கேட்டேன்.

படிப்பு முழுவதும் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். மனோதத்துவப் புத்தகம் ஒரு பக்கம், கணக்குப் பாடம் ஒரு பக்கம். வைத்தியத்துக்கு எதற்குக் கணக்கு என்று தெரியவில்லை, ஆனால் அதில் ஒரு தடவை தோற்று, அழுது, மறுபடி எழுதினாள். தன் மனசையே தினமும் ஒரு படமாகப் போட வேண்டும் என்று ஒரு பாடம். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். நான் பால் எடுக்கப் போனால் என் மருமகளின் மனசு சிவப்பும் கறுப்புமாக என்னை முறைக்கும். ஒரு நாள் என் மாவுச் சட்டியில் களிமண்ணை ஊற வைத்திருந்தாள். நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு விட்டது, அந்தச் சட்டியில் நான் மாவு கரைப்பதில்லை.

நிலா ஏதாவது வரைந்து கொண்டுவந்தால் நான், என்னம்மா இது, பூனையா என்று கேட்பேன். யாரும் கேட்பதுதானே. செல்வி அடுப்படியில் இருந்தே திருத்துவாள்.

"இது என்னன்னு கேக்கக் கூடாதுங்க அத்தை. நீங்க பூனைன்னு சொல்லிப்போட்டா அது பூனையாயிருமுங்க. இதப் பத்திச் சொல்லு கண்ணுன்னு கேக்கோணும்."

என் பேத்தியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கே பாடம்.

நிலா வேறு மாதிரி. பள்ளிக்கூட வாசலில் என் கையைப் பிடிக்க மாட்டாள், பத்தடி முன்னால் நடப்பாள். கடையில் பில் போடுகிற பெண் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால், நான் வார்த்தையைத் தேடி நாக்கு நுனிக்குக் கொண்டுவருவதற்குள் இவள் சடசடவென்று பதில் சொல்லி முடித்துவிடுவாள். "அப்பத்தா, நீ பேசாத, நான் பேசுறேன்" என்பாள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறாள். எனக்கு அந்த இடத்தில் அவளை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருக்கும். பை வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தெரியும். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

3

நான் இங்கே வந்தது என் வீட்டுக்காரர் போன பிறகு. ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். செல்வி காலேஜில் சேர்ந்தாள், நிலாவைப் பார்க்க ஆள் இல்லை. ஆறு மாதம் வருஷமானது. விசாவை நீட்டிக்க வேண்டும் என்று ஏதேதோ காகிதத்தில் முருகேசன் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். என் பெயரை நான் முழுசாக எழுதுவது அந்தக் காகிதங்களில் மட்டும்தான்.

குமுளியில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. நானும் அவரும் எஸ்டேட் வேலை முடிந்தபோது வந்த பணத்தில் கட்டியது. ரெண்டு அறை, ஒரு அடுப்படி. சந்துப் பக்கமாகத் தனிக் கதவோடு ஒரு சின்ன அறை. அதை முன்பு ஏலக்காய் மூட்டை தூக்குகிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம், பிறகு விறகும் பழைய சாக்கும் போட்டு வைத்தோம். நான் கிளம்பும்போது என் தங்கை பாக்கியத்தை அந்த வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பாக்கியம் என்னைவிட மூன்று வயது இளையவள். பிள்ளை இல்லை, கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷனும் இல்லை. எஸ்டேட் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக உள்ள வீடுகளில், என் வீட்டுக்கு அடுத்த கதவு அவளுடையது. கொழுந்து கிள்ளும் காட்டுக்குள்ளும் அடுத்த நிரை. நிரை என்பது எங்கள் ஊரில் தேயிலைச் செடிகளின் வரிசை, ஒரு பெண்ணுக்கு ஒரு நிரை என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஊர் உலகத்திடம் வாய் திறக்காத நான் அவளிடம் மட்டும் பேசுவேன். அவளுக்காகவும் பேசுவேன். சூப்பர்வைசர் அவளைக் கேட்டால் நான் சொல்வேன், டாக்டர் கேட்டால் நான் சொல்வேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் வாய் திறக்கும் முன்னால் எனக்குத் தெரியும். அப்படி ஒரு ஒட்டு.

போன வருஷம் அவளுக்கு வாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டது. சரோஜா அழுதுகொண்டே போன் பண்ணினாள். நான் அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்தேன். ஒரேயடியாகப் போய்விடுகிறேன், என் தங்கையோடு இருக்கிறேன் என்று முருகேசனிடம் சொன்னேன். எம்மா, செல்வி படிப்பு முடியட்டும் என்றான். ஒரு பொம்பிளை நாக்கு விழுந்து கிடக்கிறாள், இன்னொரு பொம்பிளை கலர் பென்சில் சீவி முடிக்கும் வரைக்கும் அவள் காத்திருக்க வேண்டுமாம்.

கடைசியில் நிலாவின் கோடை லீவில் போய்வருவதாக முடிவானது. முருகேசனுக்கு லீவு கிடைக்கவில்லை. செல்வி, நிலா, நான். போனால் திரும்பி வரப்போவதில்லை என்று நான் மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். பாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் வீட்டில் என் காலத்தை முடித்துக்கொள்வேன். இவர்கள் நிலாவைப் பார்க்க வேறு ஆளைத் தேடட்டும்.

4

கோயமுத்தூரில் இறங்கி முதலில் செல்வியின் ஊருக்குப் போனோம். கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் தென்னையும் உள்ள குடும்பம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. என் மகனும் செல்வியும் தாங்களாகவே பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டவர்கள். எஸ்டேட் லயத்தில் பெண் கொடுத்தோமே என்ற வருத்தம் சம்பந்திக்கு இன்னும் ஆறவில்லை. குமுளிக்கு ஒரு தடவைகூட வந்து எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நானும் கூப்பிட்டதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என் எதிரில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, எம்புள்ள அங்க என்ன படிக்குதுன்னு உங்களுக்காச்சும் வெளங்குச்சுங்களா? எனக்குப் பாத்தா ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கற படிப்பாட்டத் தெரியுதுங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயிண்ட் அடிக்கப் படித்தாலும் நாளைக்கு வேலை உண்டு என்று அவரே இன்னொன்றும் சொன்னார். செல்வி காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் சொன்னது அத்தனையும் நான் நினைத்ததுதான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாய் திறக்காததைக் கூச்சம் என்று நினைத்திருப்பார். கூச்சம் இல்லை. அவளைக் குறை சொல்வது என் வேலை. அதற்காக நான் அந்தப் பனியில் கிடந்து பாடுபடுகிறேன். மாந்தோப்பில் உட்கார்ந்துகொண்டு இவர் எதற்குச் சொல்ல வேண்டும்.

5

குமுளியில் மழை. பஸ் ஸ்டாண்டில் இருந்து வீடு வரைக்கும் ஏலக்காய் வாசனையும் ஜீப் புகையும். டூரிஸ்ட்டுகள் குடையோடு மசாலாக் கடைகளில் நுழைந்து நுழைந்து வந்தார்கள்.

பாக்கியம் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். வலது கை மடியில் வேறு யாருடைய கையோ போலக் கிடந்தது. நான் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு பேசினேன். அவளுக்கு என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது, யார் கவனிக்கவில்லை, எல்லாவற்றையும் நானே கேட்டு நானே பதிலும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவுகளுக்கு எல்லாம் புரியுதுக்கா. ஆமான்னா தலைய ஆட்டுவாக, வேண்டாம்னா இப்பிடி அசைப்பாக. வார்த்தைதான் வெளிய வரல" என்றாள் சரோஜா. அவள்தான் மூன்று வேளையும் கஞ்சி கொடுத்து, ஆள் உயிரோடு இருப்பதைக் காட்டுகிற பென்ஷன் மஸ்டரிங்குக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய், எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் செல்வி தன் கலர் பெட்டியைத் திறந்தாள். நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவள் சொன்னது எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. சொந்தக்காரர்களுக்கு இந்த வைத்தியம் பண்ணக் கூடாது என்று காலேஜில் சொல்லியிருக்கிறார்களாம். அதுவும் போக, படிப்பு முடியாமல் இதை வைத்தியம் என்று சொல்லவே கூடாதாம். சும்மா கூட உட்கார்ந்து வரைவேன், அவ்வளவுதான் என்றாள். பிறகு எதற்கு அந்தப் படிப்பு?

கொண்டுவந்த வெள்ளைத் தாளை பாக்கியம் இடது கையால் தடவிப் பார்த்தாள். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நல்ல தாளில் கிறுக்க எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. செல்வி மழையில் போய் கடைத்தெருவில் ரெண்டு சிலேட்டும் ஒரு பெட்டி சாக்பீஸும் வாங்கி வந்தாள். ஒன்றை பாக்கியத்தின் மடியில் வைத்தாள். இன்னொன்றைத் தான் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இதை வரை, அதை வரை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஜன்னலையும் மழையையும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் நாலு வருஷமா? சும்மா உக்காரவா?" என்றேன்.

"ஆமாங்க அத்தை. சும்மா உக்கார்றதுதானுங்க கஷ்டம்."

பாக்கியம் முதலில் ஒரு கோடு போட்டாள். அழித்தாள். இடது கை எழுதிப் பழகாத கை, கோடு புழு மாதிரி நெளிந்தது. அடுத்த நாளும் கோடு, அழிப்பு. ஒரு வாரம் போன பிறகு நாலு கோடும் சேர்ந்து ஒரு கட்டமானது. அதைப் பார்த்து செல்வி கைதட்டவில்லை, நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை. சின்னத்தை இதப் பத்திச் சொல்றீங்களா என்று கேட்டாள். பேச்சு போனவளிடம் போய்ச் சொல்றீங்களா என்று கேட்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாக்கியம் கட்டத்தைத் தட்டினாள். பிறகு தரையைத் தட்டினாள். வீடு. அவள் வரைவது இந்த வீடு.

6

காட்டில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவள் நிரையில் கை வைக்கக் கூடாது, அது சண்டைக்கு இழுக்கிற காரியம். ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வயிற்றுப்பிள்ளைக்காரி, மெதுவாகக் கிள்ளிக்கொண்டு பின்தங்கிவிட்டாள் என்றால், முடித்தவர்கள் மேலே போய்ச் சும்மா நிற்க மாட்டார்கள். அவள் நிரையின் அந்த முனையில் இருந்து அவளை நோக்கிக் கிள்ளிக்கொண்டே வருவார்கள். நடுவில் சந்திக்கும்போது கொழுந்தை அவள் கூடையில் தட்டிவிடுவார்கள். கேட்க வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதில்லை. பாக்கியத்தின் நிரையை நான் எத்தனையோ தடவை அப்படி முடித்திருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் மழை விட்டிருந்தது. செல்வி நிலாவுக்குச் சோறு போட அடுப்படிக்குப் போயிருந்தாள். பாக்கியம் வீட்டுக் கட்டத்தைப் போட்டு, அதில் ஒரு கதவையும் போட்டிருந்தாள். கூரைக்கு ஒரு சாய்வுக் கோடு. அடுத்த கோடு வரவில்லை. சாக்பீஸ் வழுக்கியது, மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. நெற்றியில் வேர்த்துவிட்டது. என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அவள் விரலில் இருந்து சாக்பீஸை வாங்கினேன்.

கூரையை நான் முடித்தேன். ஜன்னல் போட்டேன். வாசலில் உள்ள கொய்யா மரம் போட்டேன். வாசல்படியில் கொண்டை போட்ட ரெண்டு பெண்கள், ஒருத்தி உயரம், ஒருத்தி குட்டை. நான்தான் உயரம். எனக்குப் படம் வரையத் தெரியும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அவள் மடியில் வைத்து, "இந்தா, முடிஞ்சிருச்சு பாக்கியம்" என்றேன்.

அவள் பார்த்தாள். இடது உள்ளங்கையை விரித்தாள். முதலில் உயரமான பெண்ணை அழித்தாள். அவசரம் இல்லாமல், தலையில் இருந்து கால் வரைக்கும். பிறகு குட்டையானவளை. பிறகு மரம், ஜன்னல், நான் போட்ட கூரை. அவள் போட்ட கட்டமும் கதவும் அந்த ஒரு சாய்வுக் கோடும்தான் மிச்சம் இருந்தது. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளங்கை முழுவதும் வெள்ளை.

செல்வி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"நீங்க ஏனுங்க அத்தை தொட்டீங்க?"

"கை நடுங்குதுடி. பாவமா இருந்துச்சு."

"நடுங்கட்டுமுங்க. அது அவங்க கைங்க."

அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, ஆனால் அதில் மரியாதை ஒரு நூல்தான் மிச்சம் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏ, அவ எந்தங்கச்சி. நீ நேத்து வந்தவ. எங்களுக்குள்ள எப்பிடின்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா அந்தச் சிலேட்டு அவங்களுதுங்க."

நிலா சோற்றுக் கையோடு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அதன் பிறகு பல நாள் பாக்கியம் சாக்பீஸைத் தொடவில்லை. செல்வி மட்டும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தன் சிலேட்டில் வரைந்தாள். நான் அடுப்படியில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தேன்.

7

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நான் பாக்கியத்தின் கட்டிலில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன்.

"நான் அங்க போகல பாக்கியம். இங்கயே ஒங்கூட இருந்துரட்டுமா?"

வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

புரியவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே அசைப்பு. கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் தலை தயங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஏன் என்றதற்குத் தலையால் எப்படிப் பதில் சொல்வது. என் பணத்தில் கட்டிய வீடு, என் தங்கை, எனக்கு இடம் இல்லை.

அன்று சாயங்காலம் செல்வி உள்ளே போய் அவளோடு உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. சாக்பீஸ் உரசுகிற சத்தம் கேட்டது. அவள் வெளியே வந்ததும் கேட்டேன், என்ன போட்டா.

"அவங்க காட்டுனாப் பாருங்க அத்தை. நான் காட்டமாட்டேனுங்க."

"எனக்கே காட்டமாட்டியா?"

"யாருக்கும் காட்டமாட்டேனுங்க. வரைஞ்சவங்களுக்குத்தான் அது சொந்தமுங்க."

மெதுவாகச் சொன்னாள், காலேஜில் படித்ததை ஒப்பிக்கிற மாதிரி. அந்தக் குரலுக்காகவே அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தபோது சிலேட்டு துடைத்துச் சுத்தமாக இருந்தது. சரோஜாவிடம் சாவியையும் மாத்திரைச் சீட்டையும் கொடுத்துவிட்டு அவர்களோடு கிளம்பினேன். கனடா ஏர்போர்ட்டில் அதிகாரி என்னைப் பார்த்து எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் நிலா சொல்லிவிட்டாள், தன்னைப் பார்த்துக்கொள்ள என்று. அதுதான் உண்மை. வேறு எங்கேயும் இடம் இல்லாததால் வந்திருக்கிறேன் என்பதை எந்த பாஷையில் சொல்வது.

8

செல்வியின் படிப்பு இந்த வருஷம் முடிகிறது. முடிந்தால் வேலை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். இது அஸ்திவாரம்தானாம். இதற்கு மேல் இன்னும் ரெண்டு வருஷம் படித்தால்தான் வைத்தியம் பண்ணுகிறவள் என்று பெயர் போட்டுக்கொள்ளலாமாம். இதை அவள் முதலிலேயே சொன்னாளாம், நான் காதில் வாங்கவில்லையாம். ஆறு வருஷம் படித்து, அடுத்தவர் பக்கத்தில் சும்மா உட்காரக் கற்றுக்கொள்கிறாள். எங்கள் எஸ்டேட்டில் அதற்குள் நட்ட செடியே கொழுந்துக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சரோஜா வீடியோவில் கூப்பிடுவாள். போனை பாக்கியத்தின் முன்னால் பிடிப்பாள். திரும்பி வந்த புதிதில் நான் பேசுவேன், பாக்கியம் சுவரைப் பார்ப்பாள். பிறகு எனக்கும் பேசி அலுத்துவிட்டது. ரெண்டு பேரும் சும்மா ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்போம். சரோஜாவின் கை வலிக்கும், வைத்துவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்தின் மடியில் சிலேட்டு இருந்தது. நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் வரைய ஆரம்பித்தாள். கை முன்பைவிடக் கொஞ்சம் தேறியிருந்தது. கட்டம் வந்தது. கதவு வந்தது. வீடா என்று கேட்க வாய் வந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். கூரையின் ஒரு சாய்வு வந்தது. அடுத்த சாய்வுக்குச் சாக்பீஸ் வழுக்கியது. இங்கே இருந்து கையை நீட்டவும் முடியாது, அந்த மட்டில் நல்லது. அவள் எடுத்தாள், வைத்தாள், வழுக்கியது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"அக்கா இந்தா, இப்பிடி" என்று சரோஜா குனிந்தாள்.

"சும்மா இரு சரோஜா. அவ போடட்டும்" என்றேன்.

பாக்கியம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து கூரையை முடித்தாள். கோணல்தான், ஆனால் முடித்தாள். சாக்பீஸ் அங்கேயே நின்றது. மெதுவாக வீட்டின் பக்கவாட்டுக்கு நகர்ந்தது. அங்கே இன்னொரு கதவு போட்டாள். சின்னக் கதவு. சந்துப் பக்கத்தில், விறகும் சாக்கும் கிடக்கிற அறை இருக்கும் இடத்தில். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முதல் கதவைத் தட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். சின்னக் கதவைத் தட்டி விரலை நீட்டினாள், போனுக்குள் இருக்கும் என்னை.

லயத்தில் இருந்த மாதிரி. அவளுக்கு ஒரு கதவு, எனக்கு ஒரு கதவு, நடுவில் ஒரு சுவர்.

எனக்குக் கோபம் வந்தது. வராது என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. என் வீட்டில் எனக்கு மூட்டை தூக்குகிறவர் இருந்த அறை. மழைக்காலத்தில் ஒரு பக்கம் ஒழுகும். வெளிச்சம் கிடையாது. இதை எல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள. அவளுக்கு அது முன்கூட்டியே தெரியவில்லை என்பதை அந்த முகத்தில் பார்த்தேன்.

"சரோஜா, அந்த ரூம்புல ஓடு எங்கன ஒழுகுதுன்னு ஆள வச்சுப் பாரு" என்றேன். "சாக்கெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுரு."

நான் கதவைத் திறந்தபோது செல்வி வெளியே நின்றாள். சிலேட்டுச் சத்தம் கேட்டிருக்கும். ஆசையும் தயக்கமுமாக ஒரு முகம். காலேஜில் நல்ல மார்க் வாங்கிய நாளில்கூட அந்த முகம் நான் பார்த்ததில்லை.

"சின்னத்தை வரைஞ்சாங்களா? என்னங்க அத்தை வரைஞ்சாங்க?"

"அது அவளோடது. நான் காட்டமாட்டேன்" என்றேன்.

அவள், சரிங்க அத்தை என்று திரும்பிப் போனாள். அடுப்படியில் குக்கரை இறக்குகிற சத்தம் கேட்டது.

இதை உங்கள் பத்திரிகைக்கு எழுதலாமா என்று நேற்று போனில் பாக்கியத்திடம் கேட்டேன். தலையை ஆட்டினாள். செல்வியிடம் சொல்லலாமா என்றும் கேட்டேன். அதற்கும் ஆட்டினாள்.

அதை மட்டும் நான் இன்னும் செய்யவில்லை.